ஜுஜுட்சு கைசென்: ஆயிரம் வருஷம் கழித்துத் திரும்பி வந்த மந்திரவாதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஜுஜுட்சு கைசென்' என்ற ஜப்பானிய அனிமே தொடரை இன்னும் பார்க்க ஆரம்பிக்காதவர்களும் முதல் ஆறு கேள்விகளைத் தைரியமாகப் படிக்கலாம். அதற்குப் பிறகு கதை உடையும். எந்தச் சீசன் வரை பார்த்திருக்க வேண்டும் என்பதை அந்தந்தக் கேள்வியிலேயே போட்டிருக்கிறேன்.

கதை என்ன?

2018 ஜூன். ஜப்பானின் சென்டாய் நகரத்தில் இதாதோரி யூஜி என்ற பள்ளிப் பையன். ஆள் அசாத்திய பலசாலி, ஆனால் விளையாட்டு அணிகளில் சேராமல் அமானுஷ்ய கிளப்பில் பொழுது போக்குகிறான். ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாத்தா சாகும் முன், "உனக்கு பலம் இருக்கு, மத்தவங்களுக்கு உதவு, நீ சாகும்போது உன்னைச் சுத்தி ஆளுங்க இருக்கணும்" என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறார். அதே ராத்திரி, கிளப் சீனியர்கள் மந்திரத் தாள் சுற்றிய ஒரு காய்ந்த விரலைப் பிரித்துவிட, பள்ளிக்குள் சாபப் பிசாசுகள் புகுந்துவிடுகின்றன. விரலை மீட்க வந்த ஃபுஷிகுரோ மெகுமி என்ற இளம் மந்திரவாதி அடிபட்டுக் கிடக்கிறான். சாபத்தைச் சாப சக்தியால்தான் கொல்ல முடியும் என்று அவன் சொன்னதைக் கேட்டு யூஜி அந்த விரலை அப்படியே விழுங்குகிறான்.

அது ரியோமென் சுகுனாவின் விரல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஹெய்யான் காலத்து மந்திரவாதி, 'சாபங்களின் அரசன்'. மொத்தம் 20 விரல்கள். விழுங்கிய நொடியில் சுகுனா யூஜியின் உடம்பில் எழுந்து, யாரைக் கொல்லலாம் என்று சிரிக்கிறான். யூஜியோ அவனை உள்ளே தள்ளிவிட்டுத் தன் உடம்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறான். இது யாரும் எதிர்பாராதது. மந்திரவாதிகளின் மேலிடம் உடனே மரண தண்டனை விதிக்கிறது. மந்திரவாதப் பள்ளி ஆசிரியர் கோஜோ சதோரு குறுக்கே வந்து, 20 விரலையும் இவன் தின்று முடிக்கட்டும், பிறகு கொன்றால் சுகுனாவும் சேர்ந்து ஒழிவான் என்கிறார். ஆக, தொடக்கத்திலேயே நாயகனுக்குத் தூக்கு உறுதி. மீதிக் கதை முழுக்க வாய்தா.

மறுபிறவிக் கதை என்றால் இதுவும் இசேகாய் வகைதானா?

இல்லை. இசேகாயில் லாரியில் அடிபட்டவன் வேறு உலகத்தில் ராஜாவாகவோ மாயாவியாகவோ பிறந்து, பழைய அறிவை வைத்து ஜெயிப்பான். பார்க்கிறவருக்கும் அந்த மறுபிறவி ஒரு லாட்டரிச் சீட்டுதான். இங்கே திரும்பி வருகிறவன் வில்லன். நாயகன் அவன் குடிவந்த உடம்பு. இந்த ஒரு திருப்பத்தால் கதை மொத்தமும் வேறு நிறத்துக்குப் போய்விடுகிறது: யாரோ ஒருவன் மறுபடி வாழ வேண்டும் என்றால், இன்னொருவன் வாழ்க்கை காலியாக வேண்டும். சண்டைகளுக்காகப் பார்க்க வந்த நான் கடைசி வரை உட்கார்ந்தது இந்தக் கணக்குக்காகத்தான்.

சுகுனா நிஜமாகவே மறுபிறவி எடுத்தானா, இல்லை ஆவி பிடித்தது மாதிரியா?

இரண்டுக்கும் நடுவில். கதையின் விதி இப்படி: மந்திரவாதி செத்த பிறகும் மிஞ்ச வேண்டுமானால், தன்னைச் 'சாபப் பொருள்' ஆக்கிக்கொள்ள வேண்டும். பொருளாக இருக்கும்வரை அதை அழிப்பது கடினம். ஆனால் அதனாலும் வாழ முடியாது. யாராவது ஒரு மனிதன் அதை உட்கொண்டால்தான் மறுபடி உயிர். அப்போது விழுங்கியவனின் மனம் அமுங்கிப்போகும், பல சமயம் உருவமே மாறிவிடும். சாதாரண ஆளுக்கு அந்த விரல் கொடிய விஷம், உடனே சாவான். தாங்கக்கூடிய உடம்புக்குத்தான் 'பாத்திரம்' என்று பெயர்.

யூஜி பாத்திரம் மட்டுமல்ல, கூண்டும்கூட. அதுதான் அவனுடைய விசேஷம். இதற்கு நேர்மாறான உதாரணத்தை முதல் சீசன் கடைசியில் பார்க்கலாம். எசோ, கெச்சிஸு என்ற சகோதரர்கள் 150 வருஷமாகக் குப்பியில் கிடந்த சாபக் கருக்கள். மனிதர்களுக்கு ஊட்டப்பட்டு உடம்பு பெற்றவர்கள். தம்பி சாகும்போது அண்ணன் கண்ணீர் விடுகிறான், அதை யூஜி பார்த்துவிடுகிறான். அந்த உடம்புகளின் பழைய சொந்தக்காரர்களுக்காக அழ அங்கே யாரும் இல்லை. அதிகம் பேசப்படாத காட்சி. கதையின் முழுச் சிக்கலும் அதற்குள் இருக்கிறது.

ரியோமென் சுகுனா வரலாற்றில் இருந்தானா?

புராணத்தில் இருக்கிறான், அதுவும் பழைய புராணத்தில். கி.பி. 720-இல் தொகுக்கப்பட்ட நிஹோன் ஷோகி என்ற அரசவை வரலாற்று நூலில், நிந்தோகு பேரரசரின் 65-ஆவது ஆட்சியாண்டில் ஒரு குறிப்பு வருகிறது. ஹிதா நாட்டில் சுகுனா என்றொருவன், ஒரே உடம்பில் எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு முகம், கைகால்களும் இரட்டை. பலசாலி, வேகமானவன், இடமும் வலமும் வாள் தொங்கும், நான்கு கையாலும் வில் இழுப்பான். பேரரசரின் ஆணைக்கு அடங்காமல் மக்களைக் கொள்ளையடித்தான். தளபதி தகேஃபுருகுமா அனுப்பப்பட்டு அவனைக் கொன்றான். அவ்வளவுதான் குறிப்பு. அனிமேயில் சுகுனா வரும்போது யூஜியின் கண்ணுக்குக் கீழே இன்னொரு ஜோடிக் கண் திறக்கிறதே, அதன் மூலம் இங்கேதான்.

எழுதியது ஜெயித்த தரப்பு என்பதை மறக்கக் கூடாது. ஹிதா என்பது இன்றைய கிஃபு மாகாணத்தின் வட பகுதி, மலை நாடு. அங்கே போய் சுகுனாவை ராட்சசன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தகயாமாவில் உள்ள செங்கோஜி கோயிலை நிறுவியவரே அவர்தான் என்பது உள்ளூர் நம்பிக்கை. 17-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராக அலைந்து மரச்சிற்பம் செதுக்கிய துறவி எங்கூவின் சுகுனா சிலையும் அந்தக் கோயிலில்தான் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் விளையும் நீளமான பூசணிக்குப் பெயர் 'சுகுனா கபோச்சா'. ஊரை அழித்த ராட்சசனின் பெயரைக் காய்கறிக்கு யாரும் வைக்க மாட்டார்கள்.

புராணத்துச் சுகுனாவின் காலம் ஹெய்யானுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. கதாசிரியர் பெயரையும் உருவத்தையும் எடுத்து, காலத்தைத் தன் வசதிக்கு நகர்த்தியிருக்கிறார்.

ஏன் எல்லாமே ஹெய்யான் காலத்துக்குப் போகிறது?

ஹெய்யான் காலம் என்பது 794 முதல் 1185 வரை, கியோத்தோ தலைநகராக இருந்த காலம். சகுனம், நட்சத்திரம், திசைதோஷம் பார்க்க அரசாங்கத்திலேயே ஓர் இலாகா இருந்தது. 'ஒன்ம்யோஜி' எனப்பட்டவர்கள் சம்பளம் வாங்கும் அரசு அதிகாரிகள். அவர்களில் பேர்போன அபே நோ செய்மெய் (921–1005) கமோ குடும்பத்தாரிடம் பாடம் படித்தவர் என்பார்கள். கதையில் வரும் மூன்று பெரிய மந்திரவாதக் குடும்பங்களில் ஒன்றுக்குக் கமோ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

இன்னொரு காரணம், அநியாயமாகச் செத்தவரின் ஆவி ஊரையே பழிவாங்கும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் உச்சத்தில் இருந்தது. சுகவாரா நோ மிச்சிஸானே பெரிய அறிஞர், வலது அமைச்சர். சூழ்ச்சியால் 901-இல் தூரத்து தஸாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903-இல் அங்கேயே இறந்தார். அதன் பிறகு எதிரிகள் ஒவ்வொருவராகச் சாக, 930-இல் அரண்மனையிலேயே இடி விழ, அரசவை நடுங்கிப்போய் அவரைத் தெய்வமாக்கிக் கும்பிட்டது. இன்று அவர் கல்விக் கடவுள்; பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகள் அவர் கோயிலுக்குப் போகிறார்கள். கதையில் கோஜோவும், ஒக்கொட்சு யூட்டா என்ற இளம் மந்திரவாதியும் இவருடைய வம்சம். சபித்தவரையே சாமியாக்கும் ஊருக்கு, வெறுப்பையும் பயத்தையும் சக்தியாகக் கணக்குப் போடும் கதை இயல்பாகவே வரும்.

கை முத்திரைகளைப் பார்த்தால் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். கோஜோ கண்கட்டைக் கழற்றி, ஆள்காட்டி விரல் மேல் நடுவிரலைப் பின்னுவது தைஷாகுதென் முத்திரை, அதாவது இந்திரன். சுகுனா பிடிப்பது என்மாதென் முத்திரை, அது யமன். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பான் போய்ச் சேர்ந்த தேவர்கள். மெகுமியின் கடைசி ஆயுதமான மஹோராகா என்ற ஏவல் பூதமும் அந்த வழியாகப் போனவர்தான். பௌத்தத்தைக் காக்கும் எண்வகைக் கணங்களில் ஒன்றான பெரும் நாகங்கள், மகோரகர்கள். கதையில் அவர் தலைக்கு மேல் சுழலும் எட்டு ஆரச் சக்கரம் தர்மசக்கரத்தின் சாயல்.

இதை வைத்து 'எல்லாம் நம்மிடமிருந்து சுட்டது' என்று கிளம்பும் மீம்களை நம்ப வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக அவர்கள் வணங்கும் தெய்வங்கள், அவர்களுடையவையும்தான்.

கோஜோவை ஏன் யாராலும் தொட முடியவில்லை?

அவரை நெருங்க நெருங்க வேகம் குறைந்துகொண்டே போகும், கடைசி வரை கை போய்ச் சேராது. ஆமையை அகிலீஸ் பிடிக்க முடியாது என்ற கிரேக்கப் புதிரைத்தான் கதை இதற்குத் துணைக்கு அழைக்கிறது. கணக்கு வாத்தியார் ஒத்துக்கொள்வாரா என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் சீசனின் 17-ஆவது எபிசோடைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? (இரண்டாம் சீசன் பார்த்தவர்களுக்கு)

பெரும்பாலோர் அனிமேஷனுக்காகச் சொல்வார்கள்; தப்பில்லை. 2018 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு, டோக்கியோவின் ஷிபுயா. யூஜி நினைவிழந்து கிடக்கும்போது ஜோகோ என்ற சாபப் பிசாசு பத்து விரலை ஒரே அடியாக ஊட்டிவிட, அதற்குச் சற்று முன் இரண்டு பெண்கள் ஒன்றைக் கொடுத்திருக்க, சுகுனா 15 விரல் பலத்தோடு எழுந்துவிடுகிறான். மஹோராகாவோடு மோதுகிறான். டொமைன் என்பது மந்திரவாதி தன் சக்தியால் விரிக்கும் தனி வெளி; அவனுடைய டொமைனுக்குச் சுவரே கிடையாது. திறந்த வெளியில் 140 மீட்டர் ஆரத்துக்குள் இருந்த கட்டடம், ஆள், எல்லாம் துண்டு துண்டு.

எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த இரண்டு நிமிஷம். வேலை முடிந்ததும் சுகுனா உடம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான், நடந்ததை நன்றாகப் பார் என்கிற மாதிரி. யூஜி கண் திறக்கும்போது முன்னால் ஒரு பெரும் பள்ளம். நடந்தது எல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, தன் கையால் நடந்ததாகவே. மண்டியிட்டு வாந்தி எடுக்கிறான், நகம் பெயரத் தரையைப் பிறாண்டுகிறான், சாக வேண்டியவன் நான் ஒருத்தன்தான் என்று முனகுகிறான். பின்னணி இசையை ஏற்றி அழ வைக்கும் வேலை எதுவும் இல்லை.

அப்படியானால் ஷிபுயா சாவுகளுக்கு யூஜி பொறுப்பா? (மூன்றாம் சீசன்)

கதையே இந்த வழக்கை நடத்துகிறது, அதுவும் நிஜமான நீதிமன்றத்தில். ஹிகுருமா என்ற வக்கீலுக்கு வாய்த்த டொமைன் ஒரு விசாரணைக் கூடம். உள்ளே போனால் அடிதடி கிடையாது, வாதம் மட்டும்தான். முதல் குற்றச்சாட்டு சிரிப்பு வரவழைக்கும்: மைனராக இருந்துகொண்டு பச்சிங்கோ சூதாட்டக் கடைக்குள் போனது. யூஜி சொதப்பித் தோற்கிறான். மறுவிசாரணை கேட்கிறான். இரண்டாவது குற்றச்சாட்டு, ஷிபுயா படுகொலை.

அவன் 'சுகுனா செய்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் நான்தான் கொன்றேன், பொய்யும் இல்லை மறுப்பும் இல்லை என்கிறான். தீர்ப்பு, மரணம். வாளை ஓங்கிய வக்கீலே பிறகு அதைக் கைவிடுகிறார். கட்டுப்பாடு உன் கையில் இல்லாதபோது சட்டப்படி நீ நிரபராதி என்கிறார். தன் செயலைக் கட்டுப்படுத்த முடியாத மனநிலையில் இருந்தவருக்குத் தண்டனை இல்லை என்பது ஜப்பானின் குற்றவியல் சட்டத்தில் 39-ஆவது பிரிவாகவே இருக்கிறது. சட்டம் விட்டுவிட்டது, யூஜி தன்னை விடவில்லை. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த சண்டை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், பாதி நேரம் யாரும் யாரையும் அடிக்காவிட்டாலும்.

நெற்றியில் தையல் போட்ட ஆள் யார்? (இரண்டாம் சீசனுக்குப் பிறகு)

கெஞ்சாக்கு. நம் ஊரில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்போமே, அதை ஆயிரம் வருஷமாகத் தொழிலாகச் செய்கிறவன். செத்த உடம்பின் மண்டையைத் திறந்து தன் மூளையை வைத்துத் தைத்துக்கொள்கிறான். மூலன் என்ற இடையன் இறந்ததால் கதறிய பசுக்களுக்கு இரங்கி அவன் உடம்பில் புகுந்த திருமூலர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஆள் கொஞ்சம் கூடுதலாகவே அருவருப்பாகத் தெரிவான். 150 வருஷம் முன்பு கமோ நோரிதோஷி உடம்பில் குடியிருந்தபடி சாபக் கருக்களை உருவாக்கியவன் இவன். 2017 டிசம்பர் 24 அன்று கோஜோவின் கையால் செத்த கெத்தோ சுகுருவின் உடம்பையும் எடுத்துக்கொண்டான். யூஜியின் சொந்தத் தாயின் நெற்றியிலும் அதே தையல் உண்டு. அதாவது, யூஜி தற்செயலாக விரலை விழுங்கிய அதிர்ஷ்டக்கட்டை அல்ல; சுகுனாவுக்கென்றே தயாரிக்கப்பட்டவன்.

கல்லிங் கேம் விதிகள் தலை சுற்றுகின்றன. எளிமையாகச் சொல்ல முடியுமா? (மூன்றாம் சீசன்)

கெஞ்சாக்கு நடத்தும் கொலை ஆட்டம்தான் கல்லிங் கேம். நாடு முழுக்க பத்துக் காலனிகள், அதாவது ஆட்டக்களங்கள். உள்ளே நுழைந்தால் ஆட்டக்காரர். மந்திரவாதியைக் கொன்றால் 5 புள்ளி, சாதாரண ஆளைக் கொன்றால் 1. புள்ளி மாறாமல் 19 நாள் போனால் மந்திரம் பறிக்கப்படும். பறித்தால் உயிர் தங்காது. 100 புள்ளி சேர்த்தால் ஒரு புது விதி சேர்க்கலாம். மேலே சொன்ன வழக்குக்குப் பிறகு யூஜிக்காகச் சேர்ந்த விதி, புள்ளிகளை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது. இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதைக் கதை பார்த்துக்கொள்ளும்.

ஆட்டக்காரர்கள் இரண்டு வகை. மூளையில் மாற்றம் செய்து திடீரென மந்திரம் விழித்த இந்தக் காலத்து ஆட்கள். கெஞ்சாக்குவோடு ஒப்பந்தம் போட்டுப் பொருளாகத் தூங்கி, இன்று யாரோ ஒருவர் உடம்பில் எழுந்த பழைய மந்திரவாதிகள். எடோ காலத்துக் (1603–1868) கஷிமோ, ஃபுஜிவாரா குலத்தோடு பகை வளர்த்த ஊரோ எல்லாம் இந்த இரண்டாம் வகை. சென்டாய் காலனியில் துருவ் லக்டாவாலா என்றொருவர் வருகிறார். பழங்கால ஜப்பானின் உள்நாட்டுப் போரில் தனியாளாக ஜெயித்தவராம், இது அவருக்கு இரண்டாவது மறுபிறவியாம். பெயர் மட்டும் மும்பையில் மரக்கடை வைத்திருப்பவர் மாதிரி. கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார வேண்டாம். யூட்டா வந்த வேகத்தில் ஆளை முடித்துவிடுகிறான்.

சுகுனா போட்ட அந்த ஒப்பந்தம் என்ன ஆனது? (அனிமேயின் மூலப் படக்கதையான மங்காவின் ஸ்பாய்லர்)

முதல் சீசனில் யூஜி செத்துக் கிடக்கும்போது சுகுனா பேரம் பேசுகிறான். குறிப்பிட்ட சொல்லைச் சொன்னால் ஒரு நிமிஷம் உடம்பு தனக்கு; அந்த நிமிஷத்தில் யாரையும் கொல்லவோ காயப்படுத்தவோ மாட்டேன்; இந்தப் பேரத்தை நீ மறந்துவிட வேண்டும். 212-ஆவது அத்தியாயத்தில் அந்த நிமிஷத்தை எடுத்துக்கொள்கிறான். யூஜியின் விரலையே பிடுங்கி மெகுமியின் வாயில் திணித்து, அவன் உடம்புக்குக் குடிமாறிவிடுகிறான். பத்திரத்தில் ஓட்டை எங்கே என்றால், 'யாரையும்' என்பதில் யூஜி தன்னைச் சேர்க்கவே இல்லை. தன்னைக் காப்பாற்ற வேண்டிய ஆளாக அவன் எண்ணியதே கிடையாது. பதினோராம் அத்தியாயத்தில் போட்ட முடிச்சு இருநூறு அத்தியாயம் தாண்டி அவிழ்கிறது.

அதற்குச் சற்று முன்புதான் மெகுமியின் அக்கா த்ஸுமிகியும், அவள் உடம்பில் எழுந்த ஹெய்யான் மந்திரவாதி யோரோஸுவால் அழிந்துவிட்டாள் என்று தெரிகிறது. மெகுமி இந்த ஆட்டத்தில் இறங்கியதே அக்காவைக் காப்பாற்றத்தான்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். கார்ட்டூன்தானே என்று பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். ரத்தம், சிதைந்த உடம்பு, பள்ளியில் கொடுமைப்படுத்தப்படும் பையன் (ஜுன்பெய்) கதை, எல்லாம் நேரடியாகக் காட்டப்படும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எப்படியும் பார்த்திருப்பார்கள். ஜுன்பெய் பகுதியை மட்டும் கூட உட்கார்ந்து பாருங்கள்.

மங்கா முடிவு சொதப்பல் என்கிறார்களே?

கெகே அகுதாமி 2018 மார்ச்சில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி, 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி 271-ஆவது அத்தியாயத்தோடு முடித்தார். மொத்தம் 30 தொகுதிகள். கடைசிச் சண்டை நீளம், வரிசையாக ஒருவர் பின் ஒருவராக வந்து மோதுவது அலுப்பு; அதன் பிறகு முடிவு அவசரம். இந்தக் குறைகளை நானும் சொல்வேன். சுகுனாவுக்குக் கடைசியில் யூஜி நீட்டும் வாய்ப்பு மட்டும் தொடர் முழுக்கப் போட்ட கணக்குக்குச் சரியான விடை என்பது என் கட்சி. ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் நிறையப் பேர் உண்டு. அகுதாமி கதை எழுதி வேறொருவர் வரைந்த 'மோட்யூலோ' என்ற தொடர்ச்சி 2025 செப்டம்பரில் தொடங்கியது, 2086-இல் நடக்கிறது.

எந்த வரிசையில் பார்ப்பது?

வெளிவந்த வரிசையே சிறந்தது. முதல் சீசன் (2020 அக்டோபர் முதல் 2021 மார்ச் வரை, 24 எபிசோட்), பிறகு 'ஜுஜுட்சு கைசென் 0' படம் (2021 டிசம்பர் 24), பிறகு இரண்டாம் சீசன் (2023 ஜூலை முதல் டிசம்பர் வரை, 23 எபிசோட்), பிறகு 2026 ஜனவரியில் தொடங்கிய மூன்றாம் சீசன். எல்லாமே மாப்பா ஸ்டூடியோ. 0 படம் கதைப்படி முந்தையது என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கச் சிலர் சொல்வார்கள். கோஜோ யாரென்று தெரியாமல் பார்த்தால் கெத்தோ சாவு உறைக்காது. இரண்டாம் சீசனின் முதல் ஐந்து எபிசோட் கோஜோ, கெத்தோ இருவரின் பள்ளிப் பருவம். 'மெயின் கதை எங்கே' என்று தாண்டிப் போகாதீர்கள், ஷிபுயா அதன் மேல்தான் நிற்கிறது. 2025 நவம்பரில் ஜப்பானில் தியேட்டருக்கு வந்த தொகுப்புப் படத்தில் ஷிபுயா பகுதியின் சுருக்கமும் மூன்றாம் சீசனின் முதல் இரண்டு எபிசோடும்தான். சீசன்களைப் பார்ப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.